சினானிம் பட்டியல் மனப்பாடம் செய்கிறேன், பேசும்போது ஒரு சொல்லும் வரவில்லை

வாசகர் கேள்வி – 2 ஜூன்

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன். சினானிம்ஸ் (ஒத்த சொற்கள்), ஆண்டனிம்ஸ் (எதிர்ச்சொற்கள்) பி.டி.எஃப். ஒன்றை வைத்துக்கொண்டு தினமும் 20 சொல் மனப்பாடம் செய்கிறேன். ஹேப்பிக்கு மட்டும் 12 சொல் தெரியும். ஆனால் பேச வாயைத் திறந்தால் ஹேப்பிதான் வருகிறது. மாதிரித் தேர்விலும் இரண்டு சொல்லுக்கு நடுவே குழம்பி, எதிர்ச்சொல்லையே டிக் செய்துவிட்டு வருகிறேன். ஞாபக சக்தி குறைவா, படிக்கிற முறையே தப்பா? இதைவிட நல்ல பட்டியல் இருந்தால் சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு 10.40

ஞாபக சக்தியில் ஒரு குறையும் இல்லை. 12 சொல்லை ஒப்பிக்கிறவருக்கு ஞாபகம் நன்றாகவே வேலை செய்கிறது. கோளாறு பட்டியலில். வேறு பட்டியல் தேடாதீர்கள், எல்லாம் ஒரே ரகம்தான்.

பட்டியல் என்ன செய்கிறது? ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு இன்னொரு சொல்லை உட்கார வைக்கிறது. கணக்கில் சமக்குறி இருந்தால் இந்தப் பக்கம் இருப்பதைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கலாம். சொல்லில் அது நடக்காது. கன்டென்ட் என்றால் இருப்பதே போதும் என்கிற நிறைவு. எலேட்டட் என்றால் ரிசல்ட் வந்த நிமிஷத்தில் கால் தரையில் பாவாத நிலை. கிளாட் என்பது 'நீங்க வந்தது சந்தோஷம்' என்று வாசலில் நின்று சொல்கிற அளவு. மூன்றையும் ஹேப்பியின் கீழ் ஒரே வரியில் எழுதிவிட்டால் எதை எங்கே வைப்பது என்று வாய்க்குத் தெரியாது. அதனால் எங்கே வைத்தாலும் தப்பாகாத ஹேப்பியிலேயே நின்றுவிடுகிறது.

என் வேலையிலிருந்தே சொல்கிறேன். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் மெர்சண்டைசராக இருக்கிறேன். மொத்தத் துணிக்கும் சாயம் போடுவதற்கு முன், சின்னத் துண்டில் சாயம் ஏற்றி பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குகிறவருக்கு, அனுப்புவோம். அதற்கு லேப் டிப் என்று பேர். பையர் பார்த்துவிட்டு ஒற்றை வரியில் பதில் எழுதுவார். லைட்டர் என்பார், டல்லர் என்பார். துவைத்துப் பார்த்த பீஸாக இருந்தால் ஃபேடட் என்பார். பட்டியலில் இந்த மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தமிழில் மூன்றையும் 'மங்கலா இருக்கு' என்று சொல்லிவிடலாம். டையிங்கில் இவை மூன்று தனித்தனி வேலை. லைட்டர் என்றால் ஆழம் போதவில்லை, சாய அளவைக் கூட்ட வேண்டும். டல்லர் என்றால் ஆழம் சரிதான், நிறத்தில் தெளிவு இல்லை, சாயக் கலவையையே மாற்ற வேண்டும். ஃபேடட் என்றால் போட்டபோது சரியாக இருந்த நிறம் துவைத்தோ வெயில் பட்டோ போய்விட்டது, அதற்கு வேறு டெஸ்ட்.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் டல்லர் என்று வந்த மெயிலைப் படித்துவிட்டு டையிங்கிற்குப் போன் போட்டு, 'ஷேடு லைட்டா இருக்காம்ணா' என்று சொன்னான். அவர்கள் சாயத்தைக் கூட்டினார்கள். அடுத்த லேப் டிப் இன்னும் கருத்து வந்தது, டல் மட்டும் அப்படியே இருந்தது. நல்ல மார்க் வாங்கிய பையன்தான். பட்டியல் அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

எதிர்ச்சொல்லுக்கு வருவோம். லைட்டுக்கு ஆண்டனிம் என்ன? ஷேடு லைட் என்றால் எதிர் டார்க். துணி லைட் என்றால் எதிர் ஹெவி. எங்கள் அலுவலகத்தில் ஒரே மெயிலில் இரண்டும் வரும். டல் ஷேடுக்கு எதிர் பிரைட் ஷேடு, டல் வலிக்கு எதிர் ஷார்ப் வலி. லைட்டின் எதிர்ச்சொல் என்ன என்ற கேள்விக்கே பதில் கிடையாது. லைட் ஷேடின் எதிர்ச்சொல் என்ன என்று கேட்டால் பதில் உண்டு.

ஆகவே முதல் வேலை: இனிமேல் எந்தச் சொல்லையும் தனியாக எழுதாதீர்கள். அது ஒட்டிக்கொள்கிற பெயர்ச்சொல்லோடு சேர்த்து எழுதுங்கள்.

4 ஜூன், காலை

நோட்டில் எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபிரெஷ் என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரெஷ் பிரெட், எதிர் ஸ்டேல் பிரெட். ஃபிரெஷ் ஃபிஷ், எதிர் ஃப்ரோஸன் ஃபிஷ். ஃபிரெஷ் வாட்டர், எதிர் சால்ட் வாட்டர். ஃபிரெஷ் ஏர், எதிர் ஸ்டேல் ஏர். இப்படி வரிக்கு ஒரு ஜோடி. ஓல்டு, ஷார்ட், ஹார்டு, ரஃப் நான்கையும் இதே மாதிரி நீங்களே பிரித்துப் பாருங்கள். ஓல்டு மேனுக்கு எதிர் யங், ஓல்டு ஹவுஸுக்கு எதிர் நியூ. ஷார்ட் மேனுக்கு எதிர் டால், ஷார்ட் ரோடுக்கு எதிர் லாங். ரஃப் துணிக்கு எதிர் ஸ்மூத், ரஃப் கடலுக்கு எதிர் காம். சொல் புதிதே இல்லை, எல்லாம் ஆறாம் வகுப்புச் சொற்கள். ஆனாலும் ஒரு பக்கம் நிரம்பிவிடும்.

6 ஜூன், இரவு

'இதெல்லாம் சரி, மார்க் எப்படி வரும்' என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

நம் ஊர் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ஆங்கிலத் தாள்களை எடுத்துப் பாருங்கள். முதல் மூன்று கேள்வி சினானிம், அடுத்த மூன்று ஆண்டனிம். சொல்லைத் தனியாகக் கேட்பதில்லை, ஒரு வாக்கியத்தில் வைத்து அடிக்கோடு போட்டுக் கேட்கிறார்கள். பிள்ளைகள் அடிக்கோட்டை மட்டும் பார்க்கிறார்கள். என் அக்கா மகளும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். 'ஹிஸ் ஃபேஸ் லுக்டு கிரேவ்' என்று நான் ஒரு வாக்கியம் கொடுத்து, விடைகளில் டூம் (கல்லறை) என்பதையும் சீரியஸ் என்பதையும் வைத்தேன். அவள் டூமை டிக் செய்தாள். கிரேவ் என்றால் கல்லறை என்று பட்டியலில் படித்தது தலையில் நின்றிருந்தது. முகத்துக்கும் கல்லறைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நொடி வாக்கியத்தைப் பார்த்திருந்தால் போதும். இப்போது முழு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் விடைகளைப் பார்க்கிறாள்.

எஸ்.எஸ்.சி.யில் சொல்லைத் தனியாகவும் கேட்பார்கள். அங்கே கேள்வி சினானிம் என்றால் நான்கு விடைகளில் ஒன்றாக ஆண்டனிமையும் வைத்திருப்பது சகஜம். அவசரத்தில் கண் அதில்தான் விழும், ஏனென்றால் உங்கள் மனதில் இரண்டும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். விடைகளைக் கையால் மறையுங்கள். சொல்லின் அர்த்தத்தைத் தமிழில் ஒரு தரம் சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு கையை எடுங்கள்.

வெளிநாட்டுத் தேர்வுகள் போன திசையையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்.ஏ.டி. 1994-இலேயே ஆண்டனிம் கேள்விகளைக் கைவிட்டது. மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. 2011-இல் கைவிட்டது. இப்போது ஜி.ஆர்.இ.யில் ஒரு வாக்கியத்தில் கோடிட்ட இடமும் ஆறு சொற்களும் கொடுப்பார்கள். எந்த இரண்டைப் போட்டால் வாக்கியம் ஒரே அர்த்தம் தரும் என்று கேட்பார்கள். அந்த ஆறில், ஒன்றுக்கொன்று சினானிமாக இருந்தும் அந்த வாக்கியத்துக்குப் பொருந்தாத ஜோடி இருக்கலாம். பட்டியல் படித்தவர் அதைப் பாய்ந்து பிடிப்பார். வாக்கியம் படித்தவர் தாண்டிப் போவார்.

9 ஜூன்

4-ஆம் தேதிக் குறிப்பில் எதிர்ச்சொல்லையும் சேர்த்தே எழுதச் சொன்னேன். அதற்கு ஒரு எல்லை போட வேண்டும்.

ஒத்த சொற்களையும் எதிர்ச்சொற்களையும் ஒரே மூச்சில் புதிதாகப் படித்தால் ஒன்றோடொன்று குழம்பும். இதை ஆராய்ச்சி செய்தே பார்த்திருக்கிறார்கள். 1993-இல் தாமஸ் டிங்கம் என்பவர், ஒரே குடும்பத்துச் சொற்களைக் கும்பலாகக் கற்பவர்கள், சம்பந்தமில்லாத சொற்களைக் கற்பவர்களைவிட மெதுவாகவே கற்கிறார்கள் என்று காட்டினார். 1997-இல் ராப் வாரிங் ஜப்பானியர்களிடம் அதைத் திரும்பச் செய்தபோதும் அதே முடிவுதான் வந்தது. சொல்கற்றல் துறையில் பெரிய பெயரான பால் நேஷனும் எதிர்ச்சொற்களை முதல் அறிமுகத்திலேயே ஜோடியாகக் கொடுக்க வேண்டாம் என்றே எழுதியிருக்கிறார்.

நம் அனுபவத்திலேயே சாட்சி இருக்கிறது. லெண்ட், பாரோ. இரண்டையும் பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில், ஒரே பலகையில் சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்று கொடுப்பது, ஒன்று வாங்குவது. இருபது வருடமாக மெயில் எழுதுகிறவர்கள்கூட அந்த இடத்தில் ஒரு நொடி நின்று யோசிப்பதைப் பார்க்கிறேன். லெண்டை மட்டும் முதலில் சொல்லிக் கொடுத்து, அது படிந்த பிறகு வேறொரு மாதத்தில் பாரோவைக் கொடுத்திருந்தால் இந்தத் தடுமாற்றமே வந்திருக்காது.

ஆகவே எல்லை இதுதான். ஜோடியில் ஒன்று ஏற்கனவே உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடாக இருந்தால் இன்னொன்றைத் தாராளமாகச் சேருங்கள். ஃபிரெஷ் தெரிந்தவர் ஸ்டேல் படிப்பதில் ஆபத்து இல்லை. இரண்டுமே புதிது என்றால் ஒன்றைத் தள்ளி வையுங்கள். எமிக்ரேட்டையும் இமிக்ரேட்டையும் ஒரே நாளில் படிக்காதீர்கள். ஹேப்பியின் 12 சொல்லையும் ஒரே நாளில் படிக்கவே படிக்காதீர்கள்.

10 ஜூன், மதியம்

நேற்றைய குறிப்பில் ஒன்று விட்டுப்போனது. டிங்கம் 1997-இல் இன்னொன்றும் பார்த்தார். ஒரே காட்சியில் சேர்ந்து வருகிற சொற்கள், அதாவது தவளை, குளம், பச்சை, நீந்து மாதிரியானவை, சேர்ந்து படிக்க எளிதாகவே இருந்தன. எனவே நாளைக்கு ஐந்து சொல் படிக்க வேண்டுமென்றால் ஒரே அர்த்தமுள்ள ஐந்தை எடுக்காமல் ஒரே காட்சியிலிருந்து ஐந்தை எடுங்கள். பஸ் ஸ்டாண்ட் காட்சி, ஆஸ்பத்திரி வரிசை, கல்யாணப் பந்தி. ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தோடு வந்து உட்காரும்.

13 ஜூன்

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கீழே மறுத்து எழுதியிருக்கிறார். 'நம் முன்னோர் நிகண்டை மனப்பாடம் செய்துதானே புலவர் ஆனார்கள்? பட்டியல் வேண்டாம் என்கிறீர்களே?' இந்த இழையில் வந்ததிலேயே கனமான கேள்வி இதுதான். ஐயா, சில நாள் இதை யோசித்தேன்.

திவாகரம், பிங்கலம், சூடாமணி எல்லாம் ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் என்று அடுக்குகிற நூல்கள்தான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைப் பாராமல் ஒப்பித்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் மூன்று வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. ஒன்று, அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வீட்டிலேயே இருந்தது. யானையைத் தெரியும், யானை என்ற சொல்லும் தெரியும். களிறு, வேழம், கரி எல்லாம் தெரிந்த ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்தன. இரண்டு, சூடாமணி விருத்தப்பாவில் இருக்கிறது. ஓசையே ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்கு இழுத்துக்கொண்டு போகும். பி.டி.எஃப்.புக்கு ஓசை கிடையாது. மூன்றாவதுதான் முக்கியம். நிகண்டு முடிந்ததும் அந்தப் பிள்ளை செய்யுளுக்குள் போனான். களிறு எங்கே வரும், பிடி எங்கே வரும் என்று பாட்டில் பார்த்தான். நிகண்டு அவனுக்கு நுழைவாயிலாக இருந்தது. நம் தேர்வர்கள் பி.டி.எஃப்.போடு நின்றுவிடுகிறார்கள், அதற்கு அப்புறம் படிக்க ஒரு பக்கம்கூட இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திவாகரத்திலும் சூடாமணியிலும் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்கிற தொகுதி. சூடாமணியில் அது எதுகை வரிசையில் அமைந்திருக்கும். ஒரு பொருளுக்குப் பல சொல் தெரிந்தால் போதாது, ஒரு சொல்லுக்குள் இருக்கிற பல பொருளும் தெரிய வேண்டும் என்று அவர்கள் தனித் தொகுதியே ஒதுக்கினார்கள். லைட்டுக்கு நான் செய்யச் சொன்னது அந்தப் பதினோராம் தொகுதி வேலைதான். கேள்விக்கு மிகவும் நன்றி ஐயா.

14 ஜூன், ஞாயிறு

நிகண்டைப் பற்றி எழுதியதும் ரோஜெட் ஞாபகம் வந்தது. ஆங்கிலத்தில் சினானிம் நூல் என்றால் எல்லோரும் கை நீட்டுவது ரோஜெட்டின் தெசாரஸை நோக்கித்தான். பீட்டர் மார்க் ரோஜெட் ஒரு டாக்டர். சொற்களை வகைப்படுத்தி முதல் குறிப்பேட்டை 1805-இல் தன் சொந்த உபயோகத்துக்காக எழுதி வைத்தார். அதை நூலாக விரித்து வெளியிட்டது 1852-இல், 73 வயதில். உலகத்து எண்ணங்களை எல்லாம் ஆறு பெரும் பிரிவாக்கி, அதற்குள் 1000 தலைப்பு போட்டார். எதிரெதிர் கருத்துகளை ஒரே பக்கத்தில் இரண்டு பத்தியாக அருகருகே வைத்தார்.

அது யாருக்காக என்பதைப் பாருங்கள். எண்ணம் மனதில் இருக்கிறது, சொல்லும் எப்போதோ தெரிந்ததுதான், இந்த நிமிஷம் நாக்கில் வரவில்லை என்கிறவருக்காக. பட்டியலைப் பார்த்ததும் 'ஆ, இதுதான்' என்று அவர் பொறுக்கிக்கொள்வார், பொருந்தாததைத் தள்ளிவிடுவார். நமக்குப் பொறுக்கவும் தெரியாது, தள்ளவும் தெரியாது. ஆகவே தெசாரஸ் ஆங்கிலம் தெரிந்தவரின் கருவி. கற்கிறவருக்கு வேறு வகை அகராதி இருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

18 ஜூன், இரவு 11 மணி

ஆங்கிலத்தில் மட்டும் ஏன் ஒன்றுக்கு இத்தனை சொல் என்று கேட்டவருக்கு.

1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அதன் பிறகு சுமார் 300 வருடம் அரசவையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சுதான் புழங்கியது. வயலிலும் வீட்டிலும் பழைய ஆங்கிலம். சர்ச்சிலும் படிப்பிலும் லத்தீன். மூன்றும் ஒரே மொழிக்குள் படிந்துவிட்டன. அதனால்தான் ஆஸ்க், க்வெஸ்சன், இன்டராகேட் என்று மூன்று படி. ரைஸ், மவுண்ட், அசெண்ட். கிங்லி, ராயல், ரீகல். முதல் சொல் வீட்டுச் சொல், இரண்டாவது சபைச் சொல், மூன்றாவது ஏட்டுச் சொல். நண்பனை ஆஸ்க் செய்யலாம். போலீஸ்தான் இன்டராகேட் செய்யும்.

இறைச்சியிலும் இதே கதைதான். தொழுவத்தில் நிற்கும்போது ஷீப், பிக், கவ். சாப்பாட்டு மேஜைக்கு வந்ததும் மட்டன், போர்க், பீஃப். மேய்த்தவன் ஆங்கிலம் பேசினான், சாப்பிட்டவன் பிரெஞ்சு பேசினான் என்று சொல்வார்கள். நம் ஊரில் மட்டன் என்றால் வெள்ளாட்டுக் கறியும் சேர்த்திதான், அங்கே அது செம்மறி மட்டும். ஊர் மாறினால் சொல்லும் இடம் மாறுகிறது.

அலுவலகத்துக்கு வருகிறேன். நம்மவர்களுக்கு ஏட்டுச் சொல் மேல் ஒரு மோகம் உண்டு. ஸ்டார்ட் என்று எழுதினால் மரியாதைக் குறைவு என்று கமென்ஸ் போடுவார்கள். லெட் அஸ் நோ என்று எழுதாமல் கைண்ட்லி இன்டிமேட் என்று எழுதுவார்கள். இன்டிமேட் என்பது நம் அரசு அலுவலகக் கடிதங்களில் அறிவிப்பது என்ற அர்த்தத்தில் ஊறிப்போனது. வெளியூர்க்காரர் அந்தச் சொல்லைப் பார்த்தால் 'நெருக்கமான' என்ற அர்த்தம்தான் முதலில் தோன்றும். டென்மார்க், ஜெர்மனி, இங்கிலாந்து பையர்கள் எழுதுகிற மெயில்களை வருடக்கணக்காகப் படிக்கிறேன். ஸ்டார்ட், ஸ்டாப், சென்ட், செக், நீட் என்று எளிய சொல்லிலேயே காரியத்தை முடிக்கிறார்கள். சினானிம் படிப்பதன் பலன் பெரிய சொல்லை நுழைப்பதில் இல்லை. இந்த இடத்துக்கு எந்தப் படிச் சொல் என்று காதுக்குத் தெரிவதில் இருக்கிறது. கமென்ஸைத் தெரிந்துகொள்ளுங்கள், படிக்கும்போது புரிய வேண்டும். எழுதும்போது ஸ்டார்ட் எழுதுங்கள்.

19 ஜூன்

முன்னால் இன், அன், டிஸ் ஒட்டினால் ஆண்டனிம் ஆகிவிடும் என்று ஒருவர் சுருக்குவழி சொல்லியிருக்கிறார். பாதிக்குமேல் சரிதான். ஆனால் விழுகிற இடங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பில்லாதது கிடையாது, மதிப்பிடவே முடியாத அளவு உயர்ந்தது. இன்ஃபேமஸ் என்றால் பிரபலம் இல்லாதவர் கிடையாது, கெட்ட பெயரால் பிரபலமானவர். டிஸ்இன்ட்ரெஸ்டட் என்றால் தன் லாபம் பார்க்காத நடுநிலையாளர். ஆர்வம் இல்லாதவர் அன்இன்ட்ரெஸ்டட். நீதிபதி முதல் வகையாக இருக்கலாம், இரண்டாவது வகையாக இருந்தால் வழக்கு கெட்டுவிடும்.

ரோட்டில் பெட்ரோல் டேங்கர் போனால் பின்னால் பாருங்கள், ஹைலி இன்ஃபிளேமபிள் என்று எழுதியிருக்கும். ஃபிளேமபிள் என்றாலும் அதே அர்த்தம்தான், எளிதில் தீப்பிடிப்பது. இதில் வருகிற இன் மறுப்பு இன் கிடையாது, தீ மூட்டு என்ற லத்தீன் வினையிலிருந்து அப்படியே வந்தது. தீப்பிடிக்காதது வேண்டுமென்றால் நான்ஃபிளேமபிள். இதை ஒரு சினானிம் ஜோடியாக இன்றே எழுதி வையுங்கள். மார்க்குக்காக மட்டும் சொல்லவில்லை, சிலிண்டரிலும் தின்னர் டப்பாவிலும் இந்தச் சொல் இருக்கும்.

24 ஜூன்

முறையாக எப்படிச் செய்வது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். அக்கா மகளோடு உட்கார்ந்து நாங்கள் செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

இங்கிலீஷ் பேப்பரில் அவளுக்குப் பிடித்த பக்கம் ஒன்று, பெரும்பாலும் கிரிக்கெட். அதில் நான்கைந்து சொல்லை அடிக்கோடு போடுகிறாள். முழுக்கத் தெரியாத சொல்லைவிட, அரைகுறையாகத் தெரிந்ததைத்தான் முதலில் எடுக்கச் சொல்கிறேன். சொல்லோடு அது வந்த வாக்கியத்தையும் அட்டையில் எழுதுகிறாள். அன்று கிடைத்தது ஸ்லெண்டர் லீட். ஸ்லெண்டர் என்றால் ஒல்லி என்று அவளுக்குத் தெரியும். லீட் எப்படி ஒல்லியாக இருக்கும் என்று கேட்டாள். கொஞ்ச ரன் முன்னிலை என்றதும் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அகராதியில் ஸ்லெண்டர் எதனோடெல்லாம் வருகிறது என்று தேடினோம். ஸ்லெண்டர் சான்ஸ், ஸ்லெண்டர் மார்ஜின் கிடைத்தன. ஸ்கின்னி லீட் வருமா? வராது. லீன் லீட்? வராது. ஸ்லிம் லீட்? வரும், ஸ்லிம் சான்ஸும் வரும். எதிர் என்ன? ஃபேட் லீட் கிடையாது. பிக் லீட், ஹியூஜ் லீட், கம்ஃபர்டபிள் லீட். ஒல்லியின் எதிர்ச்சொல் குண்டு என்று படித்தவளுக்கு கம்ஃபர்டபிள் என்ற எதிர்ச்சொல் கிடைத்ததும் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். ஒரு அட்டைக்கு அரை மணி நேரம் ஆனது. பி.டி.எஃப்.பில் அந்த நேரத்தில் 20 சொல் முடித்திருக்கலாம். ஆனால் இந்த அட்டை அவளைவிட்டுப் போகாது.

அட்டைகளைத் திரும்பப் பார்க்க லைட்னர் பெட்டி முறை. ஜெர்மானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் சொன்னது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தால் போதும். தப்பினால் முதல் பெட்டிக்கே திரும்பும், நாளைக்கே மறுபடி வரும். படித்ததில் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே மறந்துபோகிறது, பிறகு மறதி மெதுவாகிறது என்பதை ஹெர்மன் எபிங்காஸ் 1885-இலேயே தன்னைத்தானே சோதித்து எழுதிவிட்டார். அதற்குத் தகுந்த ஏற்பாடு இது. ஆண்ட்ராய்டு போனில் ஆங்கி என்ற செயலி இதே அடிப்படையில் இலவசமாகக் கிடைக்கிறது. நாங்கள் சப்பாத்தி மாவு வந்த அட்டைப் பெட்டியைத் தடுத்து வைத்துக்கொண்டோம்.

25 ஜூன்

அட்டையில் தமிழ் அர்த்தம் எழுதலாமா? தாராளமாக எழுதலாம். அர்த்தத்தைத் தமிழில், வாக்கியத்தை ஆங்கிலத்தில். தமிழில் யோசிக்கவே கூடாது என்று சில ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் மிரட்டுகிறார்கள். தமிழில் தெளிவாகப் பிடிபட்ட அர்த்தம் ஆங்கிலத்தில் பாதி புரிந்ததைவிட மேல்.

29 ஜூன், இரவு

அகராதி பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். ஆங்கிலேயர்களுக்காக எழுதிய அகராதி தன் மாணவர்களுக்கு உதவவில்லை என்று பார்த்து, கற்கிறவர்களுக்கென்றே ஒன்றைத் தொகுத்தார். 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. அதுதான் பின்னால் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் ஆனது. இந்த வகை அகராதியில் எளிய சொற்களில் விளக்கம் இருக்கும், சொல் எதனோடு சேரும் என்று எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும். இப்போது இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். அகராதியைத் திறந்தால் அர்த்தத்தோடு நிறுத்தாதீர்கள், எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். நமக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

எத்தனை சொல் போதும் என்ற கேள்விக்கும் இங்கேயே பதில். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தவர். வங்காளத்துப் பிள்ளைகளுக்கு எந்தச் சொற்களை முதலில் கொடுப்பது என்று யோசித்ததில்தான் அவருடைய சொல் பட்டியல் வேலை ஆரம்பித்தது. 1953-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2000 சொற்கள். அதற்கு மேல் கல்லூரிப் பாட நூல்களில் அடிக்கடி வருகிறவற்றை ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் வருடம் 570 சொற்குடும்பங்களாகத் தொகுத்தார். பட்டியல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு பட்டியல் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். இவை எந்தச் சொல்லுக்கு உங்கள் நேரத்தைக் கொடுக்கலாம் என்று காட்டுகிற பட்டியல்கள், ஒப்பிப்பதற்கு அல்ல. லைட், டல், ஃபிரெஷ், ரஃப் மாதிரிச் சொற்களை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பிறகு எலேட்டட் பக்கம் போகலாம்.

எஸ்.எஸ்.சி. நண்பருக்கு ஒன்று. உங்கள் தேர்வுக்கு அபூர்வச் சொற்களும் வரும், அதை மறுக்கவில்லை. பழைய வினாத்தாள்களில் வந்த சொற்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் போடுங்கள். கேட்ட சொற்களே திரும்ப வருவதும் உண்டு. அந்த பி.டி.எஃப்.பை விட்டுவிடலாம்.

2 ஜூலை

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: நான்காம் வகுப்புப் பையன், ஆப்போசிட்ஸ் பக்கம் முழுவதையும் நாளைக்கு ஒப்பிக்க வேண்டுமாம், இரவெல்லாம் அழுகிறானாம்.

அக்கா, நாளைக்கு ஒப்பிப்பதற்காக அவனை இனியும் அழவிடாதீர்கள், தூங்கட்டும். பள்ளியில் கேட்டால் நான்கு ஜோடி சொல்லட்டும், போதும். அந்தப் பக்கத்தில் இருப்பவற்றில் வீட்டில் கண்ணால் பார்க்கக் கூடியதை மட்டும் எடுங்கள். காலையில் துவைத்த சட்டையைக் கையில் கொடுத்து வெட் என்று சொல்லுங்கள். அன்றைக்கு வெட் மட்டும்தான். ஈரத் துண்டு, குளித்த தலை, மழையில் நனைந்த செருப்பு எல்லாம் வெட். டேம்ப், மாய்ஸ்ட் எல்லாம் பெரியவனானதும் பார்த்துக்கொள்ளலாம். சில நாள் கழித்து, நீங்கள் கேட்காமலே அவனாக வெட் என்று சொல்ல ஆரம்பித்த பிறகு, கொடியிலிருந்து காய்ந்த துணியை எடுக்கும்போது டிரை என்று சொல்லுங்கள். ஹாட், கோல்டு இரண்டையும் ஒரே டம்ளரை வைத்துச் சொல்லாதீர்கள். ஹாட் காலை டீயோடு போகட்டும், கோல்டு வேறொரு நாள் ஐஸ் வாட்டரோடு வரட்டும். டீச்சரிடம் பேச முடிந்தால், ஜோடிகளை வாரத்துக்கு இரண்டாகப் பிரித்துத் தர முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.